ஸ்பெயின் நோமாட் பெர்மிட்: ஊழியராகப் போவதா, கான்ட்ராக்டராகப் போவதா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கேட்பவர் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனத்தில் நிரந்தர ஊழியர். பிடித்தங்களுக்கு முன் சம்பளம் மாதம் ஏறக்குறைய 4,300 யூரோ. மனைவி, ஒரு குழந்தையோடு ஸ்பெயினுக்குப் போய், டிஜிட்டல் நோமாட் அனுமதியில் (வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர் ஸ்பெயினில் தங்குவதற்கான அனுமதி) இரண்டு மூன்று ஆண்டுகள் இதே வேலையைப் பார்க்க நினைக்கிறார். மேலாளர் சம்மதித்துவிட்டார். எச்.ஆர். மட்டும் "ஊழியராகப் போக முடியாது, கான்ட்ராக்டராக மாறிக்கொள்ளுங்கள்" என்கிறது. மாறினால், ஸ்பெயினுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான 24% வரிச் சலுகை கைநழுவும் என்று யாரோ சொன்னதால் தயங்கி நிற்கிறார். வரியைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும் சிக்கலின் வேர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் (ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்காக அரசுக்குக் கட்டும் தொகை) இருக்கிறது. எச்.ஆர். பயப்படுவதும் அதற்காகத்தான். 24% விஷயம் இந்தச் சம்பளத்துக்குப் பெரிதாகப் பொருந்தவே இல்லை. கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

அதற்கு முன் வருமான வரம்பு. முதன்மை விண்ணப்பதாரர் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் 200% காட்ட வேண்டும். உடன் வரும் முதல் குடும்ப உறுப்பினருக்கு 75%, அடுத்த ஒவ்வொருவருக்கும் 25% கூடும். 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் 1,184 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 14 தவணை. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 1,381 சொச்சம். ஆக உங்களுக்கு 2,763, மனைவிக்கு 1,036, குழந்தைக்கு 345, மொத்தம் 4,144 யூரோ. உங்களிடம் இருப்பது 4,300. சம்பளம் வேறு நாணயத்தில் வருகிறது என்றால், அந்த நாணயம் யூரோவுக்கு எதிராக 4% சரிந்தாலே நீங்கள் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள். குறைந்தபட்ச ஊதியத்தை அரசு ஆண்டுதோறும் உயர்த்தி வருகிறது, விண்ணப்பம் போடும் ஆண்டின் தொகைதான் கணக்கு. மொத்தச் சம்பளமா, கைக்கு வரும் சம்பளமா என்பதில் வேறு அதிகாரிக்கு அதிகாரி பார்வை மாறுகிறது. கைக்கு வருவதே வரம்பைத் தாண்டினால் அந்தப் பேச்சு எழாது. உங்கள் விஷயத்தில் தாண்டாது. எனவே எச்.ஆரிடம் பேசும்போது சம்பள உயர்வும் அந்தப் பேச்சின் ஒரு பகுதியாக இருக்கட்டும். அதற்கான நியாயமும் பின்னால் வருகிறது.

இனி மூலப் பிரச்சினை. 2022 டிசம்பரில் வந்த 28/2022 எண் சட்டம்தான் இந்த அனுமதியை உருவாக்கியது. ஸ்டார்ட்அப் சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். அது உங்களுக்கு ஸ்பெயினில் தங்கவும், அங்கிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யவும் உரிமை தருகிறது. வேலை செய்யும் ஒருவர் ஏதாவது ஒரு நாட்டின் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் இருந்தாக வேண்டும் என்ற விதியை அது தளர்த்தவில்லை. ஊழியராகப் போனால் இரண்டே வழி. உங்கள் நிறுவனம் இருக்கும் நாட்டுக்கும் ஸ்பெயினுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்து, "இவர் எங்கள் அமைப்பிலேயே தொடர்கிறார்" என்று அந்த நாட்டு அலுவலகம் சான்றிதழ் தர வேண்டும். இல்லையென்றால் உங்கள் நிறுவனம் ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பில் முதலாளியாகப் பதிவு செய்துகொண்டு சந்தா கட்ட வேண்டும்.

முதல் வழியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது. இவ்வகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நிறுவனமே ஒரு வேலைக்காக அனுப்பிவைக்கும் ஊழியரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தன் விருப்பத்தில் இடம் மாறுகிறவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லும் நாடுகளும் உண்டு. ஆகவே உங்கள் நாட்டு அலுவலகத்திடம் "ஒப்பந்தம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "தொலைதூர வேலைக்காகத் தானாக இடம் மாறும் ஊழியருக்குச் சான்றிதழ் தருவீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது வழி நிறுவனத்தின் பையைக் கடிக்கும். ஸ்பெயினில் முதலாளியின் பங்கு சம்பளத்துக்கு மேல் சுமார் 31%, ஊழியர் பங்கு சுமார் 6.5%. 4,300 யூரோவுக்கு நிறுவனம் கூடுதலாகக் கட்ட வேண்டியது மாதம் 1,300-க்கும் மேல். ஸ்பெயினில் கிளையே இல்லாத நிறுவனமும் இப்படிப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஓர் ஊழியருக்காக அங்கே பிரதிநிதி வைத்து, ஸ்பானிய மொழியில் மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்ய எத்தனை நிறுவனம் முன்வரும்? கூடவே இன்னொரு கவலை: உங்கள் வீட்டு மேசையையே நிறுவனத்தின் "நிரந்தர அமைவிடம்" என்று கருதி ஸ்பெயின் அதன் லாபத்தில் வரி கேட்குமோ என்பது. உள்வேலை செய்யும் புரோகிராமர் விஷயத்தில் இந்த அபாயம் குறைவு. ஸ்பெயினில் வாடிக்கையாளரைப் பிடிப்பவர், நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் பேசி முடிப்பவர் என்றால் அது நிஜமான அபாயம். எச்.ஆர். கடிதத்தில் "ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் இவருக்கு இல்லை" என்று ஒரு வரி சேர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கான்ட்ராக்டராக மாறினால் சந்தா முழுவதும் உங்கள் தலையில். ஸ்பெயினில் சுயதொழில் செய்பவரை ஆவுத்தோனொமோ என்பார்கள். புதிதாகப் பதிவு செய்பவருக்கு முதல் 12 மாதம் மாதம் 80 யூரோவை ஒட்டிய சலுகைச் சந்தா. அதன்பின் நிகர வருமானத்தைப் பொறுத்த படிநிலை. உங்கள் வருமானத்துக்கு 2025 அட்டவணைப்படி மாதம் சுமார் 530 யூரோ வரும். ஊழியராக இருந்திருந்தால் நிறுவனம் கட்டியிருக்க வேண்டிய 1,300 சொச்சம் அவர்களுக்கு மிச்சம். சம்பள உயர்வு கேட்கும் நியாயம் இங்கேதான் இருக்கிறது. மாதம் 500 யூரோ கூட்டிக் கேட்டாலும் நிறுவனத்துக்கு இது மலிவான வழியே. வருமான வரம்பில் உங்களுக்கு மூச்சுவிட இடமும் கிடைக்கும்.

இப்போது 24% கணக்கு. பெக்கம் சட்டம் என்று ஊர் முழுக்கப் பேசப்படும் சிறப்பு முறை 2005-இல் வந்தது. அதனால் முதலில் பயனடைந்தவர்களில் ஒருவர் கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் என்பதால் அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு அது 2015 முதல் கிடையாது. முந்தைய 5 ஆண்டுகளில் ஸ்பெயினில் வரிக் குடியிருப்பாளராக இருந்திராதவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை வருமானத்தில் 600,000 யூரோ வரை 24%, வந்து குடியிருப்பாளராகும் ஆண்டும் அடுத்த 5 ஆண்டுகளும். தொலைதூர ஊழியருக்கு இது உண்டு என்பது சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. சாதாரண ஆவுத்தோனொமோவுக்குப் பொதுவாகக் கிடையாது. உங்களிடம் சொன்னவர் அந்த அளவில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 51,600. பெக்கம் முறையில் 24% என்றால் 12,384. இதில் கழிவு எதுவும் கிடையாது. குடும்பத்துக்கான சலுகையோ, மனைவியோடு சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்வதோ கிடையாது. சாதாரண முறையில் ஊழியரின் சந்தா, பொதுக் கழிவு 2,000 ஆகியவற்றை நீக்கினால் வரிக்குரிய தொகை 46,250 அளவில் நிற்கும். முதல் 12,450-க்கு 19%, 20,200 வரை 24%, 35,200 வரை 30%, அதற்கு மேல் 37% என்று கட்டினால் சுமார் 12,800. இதில் தனிநபர் குறைந்தபட்சமான 5,550-க்கும் முதல் குழந்தைக்கான 2,400-க்கும் உரிய வரி கழியும். மனைவிக்கு வருமானம் இல்லாமல் கூட்டாகத் தாக்கல் செய்தால் மேலும் 3,400 கழிவு. முடிவில் 10,000 யூரோவை ஒட்டி வந்து நிற்கும். பிரபலமான "சலுகை" உங்களுக்கு ஆண்டுக்கு 2,000 யூரோவுக்கும் மேல் நட்டம்! தனி ஆளாக இருந்தாலும் ஆண்டு வருமானம் 55,000, 60,000 பக்கம் போனால்தான் 24% லாபமாகத் தொடங்கும். மாநில அளவிலான வரி விகிதங்கள் வேறுபடுவதால் மத்ரீதில் ஒரு கணக்கு, வலென்சியாவில் சற்றே வேறு கணக்கு வரும். திசை மாறாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெக்கம் முறையில் இருப்பவருக்கு வெளிநாட்டு வட்டி, ஈவுத்தொகை, வாடகைக்கு ஸ்பெயினில் பொதுவாக வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்துகளை அறிவிக்கும் 720-ஆம் எண் படிவமும் இல்லை. சாதாரண முறையில் இருப்பவர் வங்கிக் கணக்குகள், முதலீடுகள், வீடு மனை என்ற மூன்று வகையில் எது 50,000 யூரோவைத் தாண்டினாலும் மார்ச் 31-க்குள் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு வெளிநாட்டில் வாடகை வரும் வீடோ பெரிய முதலீடோ இருந்தால் மேலே போட்ட கணக்கு தலைகீழாக மாறலாம். பெக்கம் முறைக்கு விண்ணப்பிக்க 149-ஆம் எண் படிவம், சமூகப் பாதுகாப்பில் வேலை தொடங்கிய தேதியிலிருந்து 6 மாதத்துக்குள். இந்தக் கெடு தவறினால் மீட்க வழியில்லை. பலர் குடியிருப்பு அட்டை வரட்டும், வீடு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டுக் கோட்டை விடுவது இதைத்தான்.

எப்போது போவது என்பதும் வரிக் கேள்விதான். ஸ்பெயின் நாட்காட்டி ஆண்டில் 183 நாளுக்கு மேல் இருந்தவரை அந்த ஆண்டு முழுவதற்கும் வரிக் குடியிருப்பாளராகக் கருதுகிறது. ஆண்டைப் பாதியாகப் பிரிக்கும் வழக்கம் அங்கில்லை. மார்ச்சில் போனால் ஜனவரியில் ஸ்பெயின் மண்ணை மிதிக்காமல் சம்பாதித்ததும் கணக்கில் வரும். ஆகஸ்டில் போனால் அந்த ஆண்டு வராது. நடுவே எடுக்கும் சிறு பயணங்கள் நாள் எண்ணிக்கையைக் குறைக்காது. இரு நாடுகளும் உங்களைச் சொந்தம் கொண்டாடினால் இரட்டை வரி ஒப்பந்தம் நிரந்தர வீடு எங்கே, வாழ்வின் மையம் எங்கே, வழக்கமாக வசிப்பது எங்கே, குடியுரிமை எது என்ற வரிசையில் தீர்க்கும். கான்ட்ராக்டராகப் போகும்போது இன்னொன்று: சில நாடுகள் வெளிநாட்டு ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணத்திலேயே வரி பிடித்துவிடும். ஸ்பெயின் வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பினால்தான் ஒப்பந்தப்படி அது குறையும், அல்லது ஸ்பெயினில் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியும்.

ஆகவே, வெளிநாட்டில் பெரிய சொத்து இல்லையென்றால் வரிக்காக மட்டும் கான்ட்ராக்டர் வழியை ஒதுக்க வேண்டாம். ஒதுக்கக் காரணம் தேடினால் வேறு இருக்கிறது. சம்பளத்தோடு விடுப்பு, நோட்டீஸ் காலம், பணிக்கொடை எல்லாம் ஒரே கையெழுத்தில் போகும். ஒப்பந்தத்தில் எழுதாதது எதுவும் கிடைக்காது. அதே மேலாளர், அதே நேரம், அதே லேப்டாப், ஒரே வாடிக்கையாளர் என்று இருந்தால் போலிச் சுயதொழில் என்ற கேள்வியும் எழும். அபராதம் நிறுவனத்துக்கு என்றாலும் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரத்தில் தலைவலி உங்களுக்கு. வேலை நேரத்தை நீங்களே வகுத்துக்கொள்வது, வேறு வாடிக்கையாளர் வைத்துக்கொள்ளத் தடை இல்லாதது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஸ்பானிய நிறுவனத்துக்கும் மொத்த வேலையில் 20% வரை செய்து தர கான்ட்ராக்டருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஊழியருக்கு அது இல்லை.

மாறுவதானால் விண்ணப்பத்துக்கு முன்பே மாறுங்கள். நிறுவனத்தோடு குறைந்தது 3 மாத உறவு இருக்க வேண்டும், நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய ஊழியர் காலம் அந்த 3 மாதத்தில் சேருமா என்பதில் ஒரே பதில் இல்லை. புதிய ஒப்பந்தத்தின்கீழ் மூன்று இன்வாய்ஸ், அவற்றுக்கு நேரான மூன்று வங்கி வரவு என்று காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஊழியராக அனுமதி வாங்கிவிட்டு உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். எந்த நிலைமையைக் காட்டி வாங்கினீர்களோ அதன்மேல்தான் அனுமதி நிற்கிறது.

ஆவணங்களில் அடிக்கடி தவறுவது நிறுவனத்தின் கடிதம். "எங்கிருந்தும் வேலை செய்யலாம்" என்ற பொத்தாம்பொதுவான வரி போதாது. ஸ்பெயின் என்ற பெயர், பதவி, தொகை, தொடங்கிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். பட்டம் அல்லது 3 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். கடந்த 2 ஆண்டுகளில் வசித்த நாடுகளின் குற்றப் பதிவுச் சான்றிதழும், கடந்த 5 ஆண்டுகளில் குற்றப் பதிவு இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். வெளிநாட்டு அரசுச் சான்றிதழுக்கு முதலில் அப்போஸ்டில் (அது வேறு நாட்டில் செல்லுபடியாகும் என்று உறுதிப்படுத்தும் முத்திரை), பிறகுதான் ஸ்பெயின் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது. வரிசை மாறினால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்ப்பில் இருக்காது, மறுபடி காசு கொடுத்துச் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, பட்டச் சான்றிதழிலும் திருமணச் சான்றிதழிலும் பெயர் வேறு விதமாக இருந்தால், இருவரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தை இப்போதே தயார் செய்துவையுங்கள். காப்பீடு ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு செல்லாது.

தூதரகம் வழியாகப் போனால் ஓராண்டு விசா. ஸ்பெயினுக்குள் சட்டப்படி இருக்கும்போது விண்ணப்பித்தால் 3 ஆண்டு வரை நேரடி அனுமதி, 20 வேலை நாளில் முடிவு, பதில் வராவிட்டால் ஏற்றதாகவே பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதல் ஆவணம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அந்தக் கடிகாரம் நிற்கும், பதில் தர 10 வேலை நாள்தான். நோட்டீஸ் மின்னணுப் பெட்டிக்கு வரும். 10 நாள் திறக்காமல் விட்டால் கிடைத்ததாகவே கருதி மேலே நடப்பார்கள். அப்போஸ்டில் விட்டுப்போயிருந்தால் 10 நாளில் வேறு கண்டத்திலிருந்து வாங்கி வர முடியாது. ஸ்பெயினுக்குள் நுழையவே விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், சுற்றுலா விசாவில் குடும்பத்தோடு போய் அங்கே விண்ணப்பிப்பது சட்டத்துக்குள் வந்தாலும் விசா அதிகாரியிடம் சொன்ன காரணத்தோடு முரண்படும். குழந்தையோடு போகும் நீங்கள் தூதரக வழியில் போவதே மேல் என்பது என் கருத்து. ஓராண்டு முடியும் முன் உள்ளிருந்தே 3 ஆண்டு அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம்.

போய்ச் சேர்ந்ததும் வாடகை ஒப்பந்தம், நகராட்சியில் முகவரிப் பதிவு, விரல்ரேகை, அட்டை என்ற வரிசை. முகவரிப் பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். விரல்ரேகைக்கான நேரம் பெரிய நகரங்களில் எளிதில் கிடைக்காது. ஒரு மாதக் கெடு ஓடும் என்பதால் வந்திறங்கிய வாரமே முயலுங்கள். ஆவுத்தோனொமோ என்றால் ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 30 ஆகியவை காலாண்டுத் தாக்கல் தேதிகள். ஹெஸ்தோர் எனப்படும் கணக்காளரை மாதக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். மனைவியின் அனுமதியில் அவர் ஸ்பெயினில் வேலை பார்க்கலாம். அவருக்கு வருமானம் வந்தால் மேலே சொன்ன கூட்டுத் தாக்கல் லாபம் கரையும். அட்டையோடு மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் சுற்றப் போகலாம். அங்கே உட்கார்ந்து வேலை செய்யும் உரிமை அதில் அடங்காது.

நான் மேலே போட்டிருப்பது 2025 தொகைகளை வைத்த தோராயக் கணக்கு. உங்கள் முதலீடுகள், உங்கள் நாட்டு ஒப்பந்தத்தின் வாசகம் இரண்டையும் பார்க்காமல் இதை இறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெயினில் வரி பார்க்கும் ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். அதற்கும் முன்னால், இந்த வாரமே எச்.ஆரிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: சமூகப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு நிறுவனம் விண்ணப்பிக்குமா, இல்லையென்றால் ஸ்பெயினில் பதிவு செய்யுமா, இரண்டும் இல்லையென்றால் மிச்சமாகும் சந்தாவில் எவ்வளவு கட்டணத்தில் சேரும். மூன்றாவதற்கு வரும் எண் மாதம் 4,800-க்குக் கீழே இருந்தால் குடும்பத்தோடு விண்ணப்பம் போட அவசரப்பட வேண்டாம்.